ஷாம்பேரியின் யானைகள்

பிரான்ஸின் லியோனிலிருந்து ரயில் ஏறி, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஷாம்பேரியில் இறங்கினேன். ஊருக்குள் சிறிது தூரம் நடந்ததும் நான்கு யானைகள்! திசைக்கு ஒன்றாகத் தலையும் முன்னங்கால்களும் தூணிலிருந்து வெளிப்பட்டு நிற்கின்றன, பின்பாதியே கிடையாது. துதிக்கைகளிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. மேலே பனைமரத்தின் அடிமரம் போலச் செதுக்கிய தூண், அதன் உச்சியில் ஒரு மனிதர். பதினேழு மீட்டருக்கும் மேலான உயரம். மலைப்பனி தெரியும் ஊரில் யானையும் பனைமரமும்! அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த மனிதர் பெனுவா த புவாஞ். அரச வம்சமல்ல, 1751இல் இதே ஊரில் தோல் வியாபாரி மகனாகப் பிறந்தவர். கோமான் பட்டம் பின்னாளில் சார்டினியா அரசர் தந்தது. பிழைப்புத் தேடி 1778இல் வந்து சேர்ந்தது எங்கள் சென்னைக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் பட்டாளத்தில் சின்ன அதிகாரி வேலை. கைச்செலவுக்கு வாள்வீச்சும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பூந்தமல்லிக்காரனான எனக்கு அடுத்த செய்திதான் சிலிர்ப்பூட்டியது. 1780 செப்டம்பரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் பேரம்பாக்கத்தில் மடக்கி, புள்ளலூரில் அழித்தார்கள். பேரம்பாக்கம் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான். அழிந்த படையில் இவருடைய பட்டாளமும் இருந்தது. தானிய வண்டிகளுக்குக் காவலாக அனுப்பப்பட்டிருந்ததால் இவர் பிழைத்தார் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நெல் மூட்டைகளோ என்னவோ, ஒரு பெரும் கொடையாளியைக் காப்பாற்றிவிட்டன.

பிறகு மராத்தியத் தலைவர் மகாதஜி சிந்தியாவிடம் சேர்ந்து ஐரோப்பிய முறையில் படை அமைத்தார். 1790இல் பாட்டன், மெர்த்தா போர்களில் வென்றார். பெரும் செல்வத்தோடு ஐரோப்பா திரும்பினார்.

அந்தப் பணத்தை ஊருக்கு அள்ளிக் கொடுத்தார். முதியோர் இல்லம், மனநோயாளிகளுக்கு மருத்துவமனை, நாடக அரங்கு. அவர் பணத்தில் திறந்த தெருவில் இருபுறமும் வளைவுத் தாழ்வாரங்கள். மழையிலும் நனையாமல் நடக்கலாம். 1830இல் அவர் இறந்தார். நன்றியோடு ஊர் 1838இல் இந்த நீரூற்றை எழுப்பியது.

இந்தக் கொடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாழ்வாரத்தில் நடக்கையில் புவாஞின் இந்திய மனைவி நூர் பேகம் நினைவுக்கு வந்தார். லக்னோவிலிருந்து இரண்டு குழந்தைகளோடு அவருடன் இங்கிலாந்து வந்தவர். அங்கே அவரை ஒதுக்கிவிட்டு 1798இல் ஒரு பிரபுவின் பெண்ணை மணந்தார் புவாஞ். இங்கிலாந்திலேயே தனியாக வாழ்ந்து 1853இல் இறந்தார் நூர். புவாஞின் செல்வத்தில் நூரின் வாழ்வும், மெர்த்தாவில் விழுந்த நம் சிப்பாய்களின் உயிரும் கலந்திருக்கின்றன. ஷாம்பேரி சொல்லும் நன்றியில் இவர்களுக்கும் பங்குண்டு.