குடும்பத்தோடு ஒரு கடற் பிரயாணம்

யாழ்ப்பாணத்தவருக்கும் மலாக்கா நீரிணைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலம் கற்ற எங்கள் இளைஞர் பலர், மலாயாப் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்க அலுவலகங்களிலும் உத்தியோகம் தேடிக் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகள் வடபகுதியின் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. அன்று கப்பல் குடும்பங்களைப் பிரித்தது. தகப்பன் ஒரு கரையிலும் மனைவி மக்கள் மறு கரையிலுமாக ஆண்டுகள் பல கழிந்தன. இன்று அதே கடலில், பிரிந்திருக்கும் குடும்பத்தைச் சில நாட்களுக்கேனும் ஒரே மேசையில் இருத்துவதற்குக் கப்பல் உதவக்கூடும் என்பதே நாம் இங்கு கூற விரும்புவது.

எங்கள் வீடுகளின் இன்றைய நிலை யாவரும் அறிந்ததே. ஒரு பிள்ளை கனடாவில், ஒரு பிள்ளை லண்டனில், ஒருவர் ஊரில் தாயோடு. கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ மாத்திரமே எல்லோரும் ஒன்று கூடுகின்றனர். அப்போதும் ஆறுதலாக இருந்து பேச நேரம் கிடைப்பதில்லை; பெண்களுக்கோ அடுக்களையை விட்டு வெளியே வர வழியில்லை. கப்பலில் சமையல் இல்லை, விருந்தாளிகள் இல்லை, அலுவலென்று சொல்லி எவரும் எழுந்து போகவும் முடியாது. இந்த எண்ணத்தோடு, மூன்று தலைமுறையினர் ஒன்பது பேராக நாம் சிங்கப்பூரிற் கூடி, அங்கிருந்து பினாங்கும் புக்கெட்டும் சென்று ஐந்தாம் நாள் திரும்பினோம். இத்தகைய பிரயாணத்தை நினைத்திருக்கும் குடும்பங்கள் பணம் கட்டுமுன் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள.

காலம் எது?

பாடசாலை விடுமுறைகள் வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகின்றன. மலாக்கா நீரிணையைச் சுமாத்திரா தீவு மறைத்து நிற்பதால் அங்கு அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஆனால் வடக்கே புக்கெட்டை அணுகும்போது கப்பல் அந்தமான் கடலுக்குள் வந்துவிடுகிறது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அக்கரையை நேரே தாக்கும். ஆகவே ஆகஸ்ட் மாதம் உகந்ததன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் புறப்படவும் மாட்டார்கள். டிசம்பரிற் கடல் நன்று, கட்டணமோ நத்தார், புதுவருடம் காரணமாக உயர்ந்துவிடும். வெப்பத்தைப் பொறுக்கக்கூடியவர்களுக்கு ஏப்ரல் நல்ல மாதம்.

கப்பல் புறப்படும் நாளன்றே சிங்கப்பூருக்கு விமானமேறுவது கூடாது. கொழும்பிலிருந்து விமானப் பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலமே ஆயினும், யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வருவதே ஓர் இரவுப் பிரயாணம். ரொறன்ரோவிலிருந்து வருபவரின் விமானம் எங்கே தாமதிக்கும் என்று யார் அறிவார்? கப்பல் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. ஒரு நாள் முந்திச் சென்றால், சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் ஆலயத்தையும் தரிசிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு செண்பக மரத்தடியில் இலங்கைத் தமிழர் தொடங்கிய வழிபாடு அங்கு இன்று பெரிய கோயிலாக வளர்ந்திருக்கிறது.

யாருக்கு எந்த அறை?

அறைகளைத் தெரிவுசெய்யும்போது பலர் யன்னலையும் பலகணியையுமே எண்ணுகின்றனர். நாம் முதலில் எண்ண வேண்டியது, குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரை. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தட்டுக்களிலும் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் உச்சித்தட்டிலும் ஆட்டம் அதிகம். ஆதலால் வயோதிபருக்கு நடுப்பகுதியில், லிப்ற்றுக்கு அண்மையில், அறை கேட்க வேண்டும். ஆனால் வாசலோடு ஒட்டிய அறையாயின் இரவு முழுவதும் ஆள் நடமாட்டம் கேட்கும். நடன மண்டபத்துக்கு மேலும், நீச்சற் குளத்துக்குக் கீழும் அமைந்த அறைகளைத் தவிர்த்தல் நன்று. பல கப்பல்களிற் குளியலறை வாசலில் ஒரு படி உயரம் உண்டு. முழங்கால் நோவுள்ளவருக்கு அதுவும் ஒரு தடை. படியில்லாத, சக்கர நாற்காலி செல்லக்கூடிய அறைகள் சிலவே உள்ளமையால் அவற்றை மாதங்கள் முன்பே கேட்டு வைக்க வேண்டும். இரண்டு அறைகளுக்கிடையே கதவுள்ளவை பிள்ளைகளோடு செல்வோருக்குப் பெரிய சௌகரியம்.

கடவுச்சீட்டும் விசாவும்

ஒரே குடும்பத்தில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டுக்கள் இருக்கும் காலம் இது. கனடாக் கடவுச்சீட்டுக்குரிய விதி இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பொருந்தாது. கப்பல் நிற்கும் நாடு ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டின்படியும், விசா வேண்டுமா என்று தனித்தனியே பார்த்தல் அவசியம். கரையில் இறங்கமாட்டேன் என்று சொல்வதாற் பயனில்லை. உரிய பத்திரம் இல்லாதவரைக் கப்பற் கொம்பனிகள் ஏற்றுவதில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பி வருவது இரண்டாம் முறை பிரவேசிப்பதாகும் என்பதையும் மறத்தலாகாது. கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்கேனும் செல்லுபடியாக வேண்டும். தாய் தந்தையர் இருவரும் உடன் வராத பிள்ளைக்குச் சம்மதக் கடிதம் கேட்கப்படலாம். கர்ப்பம் இருபத்துநான்கு வாரத்தை எட்டிய பெண்களையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பல கொம்பனிகள் ஏற்பதில்லை.

சாப்பாடும் சுகமும்

சிங்கப்பூரிற் புறப்படும் கப்பல்களில் இந்தியப் பிரயாணிகள் மிகுதி. அதனாற் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எனினும் முட்டை, வெங்காயம் முதலியன தவிர்ப்போரும் விரதகாரரும் பதிவுசெய்யும்போதே எழுதி அறிவிக்க வேண்டும். கப்பலிற் கேட்கலாம் என்று இருத்தல் தகாது. அதனினும் முக்கியமானது, முழுக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே மேசையைக் கேட்டு வைப்பது. விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையைத் தெரிந்தால் ஆளுக்கொரு பக்கமாகி, பிரயாணத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

அறையில் விளக்கேற்றவோ சாம்பிராணி, கற்பூரம் கொளுத்தவோ அனுமதியில்லை. கடலின் நடுவே தீயைப்போற் பயங்கரம் வேறில்லை. திருநீறும் மனப்பாடமான தேவாரமும் போதும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலையும், அழுத்தியையும் வீட்டிலேயே வைத்துச் செல்லலாம். கொண்டு சென்றால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கடல் நோய்க்குரிய குளிசையைச் சத்தி தொடங்கிய பின் விழுங்குவதாற் பயன் சிறிது. முன்னரே எடுக்க வேண்டும். வயோதிபருக்கும் சிறுபிள்ளைகளுக்கும், கண்ணழுத்த நோயுள்ளவருக்கும், வைத்தியரைக் கேளாமற் கொடுத்தலாகாது. துறைமுகத்திற் கையளிக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணித்தியாலங்கள் செல்லும். ஆகவே மருந்துகளும் பிள்ளைகளின் மாற்றுடையும் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பலில் வயிற்றோட்டக் கிருமி பரவினால் விரைந்து பரவும். அதற்குச் சவர்க்காரமும் தண்ணீருமே நல்ல காவல். கையிற் பூசும் திரவம் அவ்வளவு பயன் தராது.

ஏறிய அன்றே நடைபெறும் பாதுகாப்புப் பயிற்சியைச் சிலர் தொல்லையென்று எண்ணுகின்றனர். 1912 ஆம் ஆண்டு ரைற்றானிக் மூழ்கியதன் விளைவாகவே 1914 இற் கடற் பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை உருவாகியது. 2012 இல் இத்தாலியக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா சரிந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அப்பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடத்தும் விதி 2015 இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்து வேளையில் எங்கே கூடுவது என்பதைச் சிறுவர்களும் வாயாற் சொல்லப் பழக்க வேண்டும்.

கரையில் எவ்வளவு?

பினாங்கு எங்களுக்கென்றே அமைந்த துறைமுகம் போலும். கப்பல் சுவெட்டன்ஹாம் துறையிலேயே கட்டப்படுகிறது. 1786 இற் பிரான்சிஸ் லைற் நிறுவிய ஜோர்ஜ் ரவுண் நகரம் துறை வாசலிலேயே தொடங்குகிறது. 2008 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட நகரம் அது. சிறிது தூரம் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகளும் மல்லிகைச் சரங்களும் நிறைந்த தெருக்கள் வரும். அங்கே குயீன் வீதியில், 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. நண்பகலிற் கோயில் நடை சாத்தப்படுமாதலால், கப்பல் சேரும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடல் வேண்டும். தண்ணீர்மலை முருகனைக் காண 500 க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், இளையோர் ஏறட்டும். முதியோருக்குப் பினாங்குக் குன்றின் மலைப் புகையிரதம் உண்டு.

புக்கெட் வேறு விதம். அங்கு பல கப்பல்கள் துறையை அணையாமற் பாட்டோங் குடாவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளிற் பிரயாணிகளை இறக்குகின்றன. ஆடும் படகிற் காலடி வைப்பது முதியவருக்கு எளிதன்று. அலை எழுந்தால் இறக்குவதையே நிறுத்திவிடுவர்.

இன்னுமொரு கண்ணியும் அங்குண்டு. தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. கைத்தொலைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட, கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே நின்றால், ஐந்து மணியென்று நம்பி வருபவருக்குக் கப்பலில் ஆறு மணி! கையிற் கட்டும் சாதாரண மணிக்கூட்டைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிவைத்தல் பாதுகாப்பானது.

அன்று எங்கள் தாயார் இறங்கவில்லை. ரொறன்ரோவிற் பிறந்த மூத்த பேரனும் கடற்கரைக்குப் போகாமல் அப்பாச்சியோடு நின்றுவிட்டான். ஆளரவமற்ற மேற்றட்டில், அவருடைய தகப்பனார் மலாயாப் புகையிரத நிலையமொன்றில் வேலை பார்த்த கதையை, அவன் அரைத் தமிழிற் கேட்க அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் நாம் திரும்பியபோது, நாம் எவரும் அதுவரை கேட்டிராத பெயர்களை அவன் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். எல்லாத் துறையிலும் எல்லோரும் இறங்க வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை.

கணக்கு

விளம்பரத்திற் காணும் தொகை முழுத் தொகையன்று. துறைமுகக் கட்டணம், ஆளுக்கு இரவொன்றுக்கு என்று தானாகவே சேர்க்கப்படும் ஊழியர் வெகுமதி, குடிபானம், இணையம், கரைச் சுற்றுலா என்பன வேறாக வரும். வெகுமதி பிள்ளைகளுக்கும் உண்டா என்று கேட்க வேண்டும். கடலிற் செய்மதி வழியே தொலைபேசி பேசினால் வரும் கட்டணம் திடுக்கிட வைக்கும். கப்பல் புறப்பட்டவுடன் அதன் தொடர்பை நிறுத்திவிடுதல் புத்தி. கப்பல் வைத்தியசாலைச் செலவு மிக அதிகம் ஆதலாற் பிரயாணக் காப்புறுதி இன்றிப் புறப்படலாகாது.

கட்டணம் டொலரிற் கணக்கிடப்படும். 2022 இற் சில வாரங்களுள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. முற்பணம் எவ்வளவு, மீதி எந்த நாளில், போக முடியாவிடில் எந்தத் திகதிக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பவற்றைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முழுவதையும் தாமே கட்டுவதாகச் சொல்வர். ஊரில் இருப்பவரும் இயன்ற பங்கைக் கொடுத்தால், யாருடைய செலவில் வந்தோம் என்ற கூச்சம் மேசையில் இராது.

வீட்டிலுள்ள முதியவரின் காலும், கடைக்குட்டியின் வயிறும் தாங்கும் திட்டமே நல்ல திட்டம். மற்றவர்கள் அதற்குள் அடங்கிக்கொள்ளலாம். தாய் தந்தையரைப் பிறகு கூட்டிச் செல்லலாம் என்று ஆண்டுகளைத் தள்ளுவோர், அவர்களின் வயதும் அவ்வாண்டுகளோடு ஏறுகின்றது என்பதை முதலிற் கணக்கிடுவார்களாக.