பன்னிரண்டு சீட்டுகள்

ரயிலில் படுக்கை ஒதுக்கும் குமாஸ்தாவைக் கண்டால் உறவினர் யாவருக்கும் திடீரென அன்பு சுரக்கும். அது எனக்குப் பழகிப்போன விஷயம். கால்பந்தாட்டத்திற்கு இடம் ஒதுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தபோதுதான், என் அன்றாட வேலை எத்துணைச் சுலபமானது என்பதை உணர்ந்தேன்.

2021 நவம்பர் 18. கல்கத்தா லீகின் இறுதியாட்டம். சால்ட் லேக் அரங்கில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை எதிர்த்து நமது ரயில்வே எஃப்.சி. ஆட இருந்தது. 1958-இல் பி. கே. பானர்ஜி ஆடிய கிழக்கு ரயில்வே அணி வென்ற பிறகு, ரயில்வேக்காரர் எவரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. கேட்க வேண்டுமா? பந்தைக் கண்ணால் பார்த்திராதவரும் பேச்சில் கோல் அடித்தனர்.

கொரோனாவின் அச்சம் முற்றும் நீங்காத காலம். நூற்றுக்கு 70 இருக்கைகளுக்கு மேல் நிரப்பலாகாது என்பது மாநில அரசின் ஆணை. எங்கள் பகுதிக்குக் கிடைத்த சீட்டுகள் 12. கேட்டவர் 41 பேர். பட்டியல் எழுதுபவன் நான்.

முந்தி வந்தவருக்கு முதலிடம் என்றார் ஒருவர். மேசையருகே இருப்பவருக்கு அது நியாயந்தான். இரவுப் பணி முடித்து உறங்கும் பாயிண்ட்ஸ்மேன் என்ன செய்வார்? குடும்பத்தோடு வருவோருக்குக் கொடுங்கள் என்றார் மற்றொருவர். இதில் ஒரு கணக்கு உண்டு. என் போன்ற மெட்ரிகுலேஷன்காரனுக்கும் விளங்குவது. 24 நாற்காலி கொண்ட வரிசையில் இடையே இரண்டிரண்டு காலியாக விட்டுத் தனியாட்களை அமர்த்தினால் எட்டுப் பேர்தாம். நால்வர் கொண்ட குடும்பங்களாக அமர்த்தினால் 16 பேர். அரங்கம் நடத்துவோருக்கு இது இனிக்கும். ஆனால் ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு இங்கே தனியறையில் வாழும் நம்மவர் எத்தனை பேர்! தனியாக இருப்பதற்கே ஒரு தண்டனையா?

லிவர்பூல் கழகம் 2020 டிசம்பரில், 50,000 பேருக்கு மேல் அமரும் தன் அரங்கில் 2,000 பேரை மட்டும் அனுமதித்தபோது, குலுக்கல் முறையைத்தான் கைக்கொண்டது. நானும் அதையே செய்தேன். ஒரு பிஸ்கட் டப்பா, 41 துண்டுக் காகிதங்கள். எடுத்துக் கொடுத்தது தேநீர் கொண்டுவரும் பையன்.

என் பெயர் வந்தது. ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவர் பெயர் வரவில்லை. மைதானத்தில் மழை கொட்டினாலும், பார்ப்பவர் பத்துப் பேரே ஆனாலும், ரயில்வே அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாதவர் அந்த வங்காளி முதியவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பாய், மழையில் நனைந்தவன் பெயரை அந்த டப்பாவில் இரண்டு முறை போட்டிருக்கலாமே?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். குலுக்கலின் முடிவை நானே மாற்றினால் மற்ற 28 பேருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். உண்மை என்னவெனில், ஆட்டம் பார்க்க எனக்கு ஆசை.

மார்கஸ் ஜோசப் அடித்த ஒரே கோலில் முகமதன் வென்றது. 1981-க்குப் பின், 40 ஆண்டுகள் கழித்து அவர்களுக்குக் கிடைத்த பட்டம். அன்றைய ஆரவாரத்தில் தோற்ற வருத்தம்கூட எனக்குப் பாதியாயிற்று. என் இருபுறமும் நாற்காலிகள் விதிப்படி காலியாக இருந்தன.

மறுநாள் முதியவர் வந்து ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார். பின்களத்தார் எப்படி ஆடினர், கோல் விழுந்தது யார் பிழை என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாம் சொன்னேன். அந்தக் காலி நாற்காலிகளைப் பற்றிச் சொல்லவில்லை.