சுருள்வில் கடைசியில்

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரிபொருளுக்கு மாற்றுவழி இருந்தது. குண்டுங்குழியுமான வீதிகளில் அடிவாங்கிய முன் ஃபோர்க்குக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

அந்நாளில் செய்தி தேடி அலைந்த என் ஹொண்டா சிடி 125 இன்றும் என்னிடம் உண்டு. இதற்கு வலிய சுருள்வில் பூட்டினால் போதும் என்கின்றனர் இளைஞர்கள். சுருள்வில் சுமையைத் தாங்கும்; அதன் துள்ளலை அடக்குவதோ குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். எண்ணெய் வற்றிய ஃபோர்க்கில் வலிய வில்லைப் பூட்டினால் துள்ளல்தான் கூடும்.

எங்கள் கடலோர உப்புக்காற்று குழாயின் குரோம் பூச்சை அரிக்கிறது. துருவின் சொரசொரப்பு ஒயில் சீலின் விளிம்பைக் கிழிக்கிறது. கசியும் எண்ணெய் முன் பிரேக்கினுள் இறங்கினால், பிடித்த இடத்தில் வண்டி நில்லாது.

ஆகவே முதலில் குழாயைப் பாருங்கள், பின்னர் சீல், எண்ணெய், சுருள்வில் கடைசியில். இன்று உதிரிப்பாகங்களுக்குத் தடையில்லை. பழைய வண்டியை மினுக்கி வைப்பது ஆசை. பின்னால் அமர்ந்திருப்பவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பது கடமை.