சுவரை இடிக்க முன்னர்

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து சனத்தோடு சனமாக வன்னிக்குப் போனவர். அங்கே கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடும் வயதான தாயோடும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். கனடாவில் இருக்கும் தமையனின் பெயரில் உள்ள சிறிய வீடொன்றில் குடியிருக்கிறார். தையல்தான் சீவியம்.

2018 இல் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மலசலகூடமோ பின்வளவில், படியிறங்கித்தான் போக வேண்டும். முன்னறைச் சுவரை இடித்து உள்ளேயே ஒரு மலசலகூடம் கட்டி, மிஞ்சும் இடத்தில் வீதிப்பக்கமாகத் தையல்கடை போடலாம் என்று அக்கா நினைத்தார். என்னிடமும் கேட்டார். "சின்ன வேலைதானே அக்கா, வீட்டுக்குள்ளதானே செய்யிறியள்" என்றேன். மேசன் பாஸும் அதையே சொன்னார்.

சுவர் பாதி இடிந்திருந்த மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். படம் எடுத்தார்கள், ஏதோ கேட்டார்கள், வேலையை நிறுத்தச் சொன்னார்கள். சிங்களம் அக்காவுக்கு அரைகுறை. அன்றிரவு நான் போனபோது பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், இரண்டு உடுப்புகள் எல்லாம் ஒரு பையில் அடுக்கப்பட்டிருந்தன. "எங்களை எழுப்பப் போறாங்களோ தங்கச்சி?" என்று கேட்டார்.

இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறிடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் கதவு தட்டப்படும் சத்தம் எங்கள் பெண்களின் நெஞ்சுக்குள் இன்னும் இருக்கிறது. இம்முறை அந்தச் சத்தத்தை வரவழைத்ததில் என் அலட்சியத்துக்கும் பங்கிருந்தது.

அடுத்த நாள் இருவருமாக நகர மண்டபத்துக்குப் போனோம். அதன்பிறகு நான் அறிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இதற்கு அடிப்படை. விரிவான ஒழுங்குவிதிகள் 2021 இல் புதிதாக வந்துள்ளன. வெள்ளையடிப்பதும் உடைந்த ஓட்டை மாற்றுவதும் வேறு. பாரம் தாங்கும் சுவரை எடுப்பது வேறு. வீட்டைக் கடையாக்குவதென்றால் பாவனை மாற்றத்துக்கும் தனியாக அனுமதி பெற வேண்டும். அனுமதியில்லாமல் கட்டியதை நீதவான் நீதிமன்றக் கட்டளை பெற்று இடிப்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தகுதி பெற்றவர் வரைந்த பிளான், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் என்பன கேட்கப்படும். வேலை முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்ற சான்றிதழையும் எடுக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். பின்பு விற்கும்போதோ வங்கியில் கடன் கேட்கும்போதோ அது இடிக்கும்.

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. வெளிச்சுவர், கூரை, பொதுக் குழாய்கள் முதலியன எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றில் கைவைக்க முன்னர் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அக்காவின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் வீட்டுக்காரர், அவர் ரொறன்ரோவில். அவருக்காக அக்கா கையெழுத்திட அற்றோணித் தத்துவம் தேவைப்பட்டது. உறுதிப் பிரதியைக் கேட்டதும் தமையனின் குரல் மாறிவிட்டது. "வீட்டை மாத்தப் போறியோ?" என்று கேட்டாராம். அக்கா சொன்ன பதில் எனக்கு மறக்காது. "அண்ணை, வீடு உங்கடதான். அம்மாவுக்குக் கிட்டவா ஒரு கக்கூஸ் வேணும்."

தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் அழுதார். அந்த வீட்டுக்கு இவ்வளவு காலமும் சோலைவரி கட்டியவர் அவர்தான்.

பிறகு நான் தமையனோடு பேசினேன். அற்றோணித் தத்துவம் உரிமையை மாற்றாது; இன்ன வேலைக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதலாம்; விரும்பினால் ரத்துச் செய்யலாம் என்று விளக்கினேன். ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு அனுப்பினார். இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்தோம். அனுமதி கிடைக்க மாதங்கள் ஆயின. அதுவரை அயலவர் ஒருவரின் உதவியோடு அக்கா தாயைத் தூக்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

இன்று அந்த முன்னறையில் தையல் மெஷின் ஓடுகிறது. தாயார் சுவரைப் பிடித்தபடி தானாகவே மலசலகூடத்துக்குப் போய் வருகிறார். எனினும் ஒன்றை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அந்த அனுமதியால் வீட்டில் அவருக்கு எந்த உரிமையும் வரவில்லை. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும். உறவு நன்றாக இருக்கும்போதே, நான் இங்கு எந்த அடிப்படையில் இருக்கிறேன் என்று பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலுள்ள உறவினரின் வீட்டில் இருக்கும் எங்கள் பெண்கள் பலர், கேட்டால் மனம் நோகுமே என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

சகோதரிகளே, சுவரில் கைவைக்க முன்னர் போய் விசாரியுங்கள். "ஒண்டும் தேவையில்லை" என்று யார் சொன்னாலும், என்னைப் போன்ற சமூக சேவையாளர் சொன்னாலும் கூட, நம்பிவிடாதீர்கள். விளங்காத மொழியிலுள்ள கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். அரச அலுவலகத்திலிருந்து தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. 1988 இன் 16 ஆம் திருத்தத்தில் அது உண்டு. தனியே போகப் பயமென்றால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்கா அன்று அடுக்கிய பை இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. உடுப்புகளை வெளியே எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது அனுமதிக் கடிதமும் பிளானும் இருக்கின்றன.