பாடியவருக்கும் பங்கு உண்டு

விடுதலைப் போராட்டக் கால நாடகப் பாட்டுகளை மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதினார், நடிகர் விஸ்வநாததாஸ் பாடினார் என்று பிரித்துச் சொல்வது நமக்கு எளிது. திரைப்படங்களில் இன்றும் அதுதான் வழக்கம்: எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். பழைய நாடக மேடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1886-இல் சிவகாசியில் பிறந்து, 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் 'வள்ளி திருமணம்' மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்விட்ட விஸ்வநாததாஸ், தாம் பாடிய பாட்டுகளின் ஆக்கத்திலும் பங்காளி என்பேன்.

ஸ்பெஷல் நாடகம் நடந்த விதமே இதற்குச் சான்று. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் கூடுவார்கள். கதையும் மூலப் பாட்டுகளும் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தந்தவை. தர்க்கத்தை வளர்ப்பதும் இடையில் எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதும் நடிகரின் பொறுப்பு. பாஸ்கரதாஸ் எழுதி விஸ்வநாததாஸ் பாடிய, வெள்ளையரைக் கொக்காக உருவகித்த பாட்டு, வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கதைக்குள் வரும்போதுதான் முழுப் பொருள் கொள்கிறது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் நாடகங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் இரவுக்கு இரவு மாறும் மேடையைக் கையெழுத்துப் படியைப் பார்த்து அடக்கிவிட முடியாது. அதனால்தான் போலீஸ் மேடையையே குறிவைத்தது. விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார்.

இப்படிச் சொன்னால் பாஸ்கரதாஸின் (1892–1952) புகழ் குறையாதா என்று கேட்கலாம். குறையாது, மேடையை அறிந்து எழுதியவர் அவர், பாட்டு நடிகரிடம் வளர்வதும் அவர் அறிந்ததே. புராணக் கதைக்குள் அரசியலைப் புகுத்துவது கலையைக் கெடுக்கும் என்பது கனமான ஆட்சேபணை. கதையோடு ஒட்டாத பாட்டென்றால் அது சரி. காவல் காக்கும் புனத்தில் விளைச்சலைக் கொத்த வரும் பறவையை விரட்டுவது கதையிலேயே இருக்கிறது. நாடகத்தை வளைக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

விஸ்வநாததாஸ் மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். மேடையில் அந்த விலக்கைத் தாங்கியவரைப் பாட்டின் வரலாற்றிலும் வெறும் குரலாக ஒதுக்குவது நியாயமல்ல. அந்தப் பாட்டுகளை இனிப் பதிப்பிப்பவர்கள் எழுதியவர் பெயரோடு பாடியவர் பெயரையும், தெரிந்தவரை நாடகத்தையும் காட்சியையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.