உழைக்கும் குன்றின் அடுக்களைகள்

பிரெஞ்சு தேசத்து உணவு என்றவுடன் வெள்ளித் தட்டையும் வெண்கையுறை அணிந்த பரிசாரகரையும் மனத்தில் கற்பித்துக்கொள்கிறவர்கள், அந்நாட்டின் பெருநகரங்களுள் ஒன்றான லியோனுக்கு வந்து சேர்ந்தால் முதலில் சற்றே திகைத்துத்தான் போவார்கள். ரோன், ஸோன் என்னும் இரு நதிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலத்தில், சந்துக்குச் சந்து ‘பூஷோன்’ என்று பெயர் தாங்கிய சிற்றுணவகங்கள் இருக்கின்றன. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பும், உத்தரத்திலிருந்து தொங்கும் உலர்ந்த சாஸேஜ்களும், பக்கத்து மேஜைக்காரரின் முழங்கை நம் விலாவைத் தொடும் நெருக்கமுமே அவற்றின் அலங்காரம். 1930களில் குர்னோன்ஸ்கி என்ற புகழ்பெற்ற உணவு விமரிசகர் இந்நகரை உலகத்தின் உணவுத் தலைநகரம் என்று கொண்டாடினார். அந்தப் பிரசித்தியின் பெரும் பங்கு பிரபுக்களின் விருந்தினால் வந்ததன்று. பிரபுக்கள் தொட மறுத்த குடலையும் காலையும் தலையையும் மூக்கையும் உண்ணத்தக்கதாக்கிய ஏழை ஜனங்களின் சாமர்த்தியத்தால் வந்தது என்பதே நான் அங்கே கண்டறிந்த விஷயம்.

லியோன்வாசிகள் தம் ஊரின் இரு குன்றுகளுள் மாதா கோயில் நிற்கும் ஃபூர்வியேரைப் பிரார்த்தனை செய்யும் குன்று என்றும், வடக்கே உள்ள க்ருவா ரூஸை உழைக்கும் குன்று என்றும் சொல்வது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இரண்டாம் குன்று முழுவதும் ‘கனூ’ எனப்பட்ட பட்டு நெசவாளர்களின் வாசஸ்தலமாக இருந்தது. ஜக்கார் தறி ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம் நிற்கும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே விதானத்தை மிக உயர்த்திக் கட்டிய வீடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம். மனிதனுக்காக அல்ல, தறிக்காகக் கட்டிய வீட்டில் மனிதனும் ஓர் ஓரத்தில் படுத்துக்கொண்டான் என்றே சொல்லவேண்டும். கூலி நிர்ணயத்துக்காக 1831-இலும், சங்கம் சேரும் உரிமை பறிபோகும் நிலையில் மறுபடியும் 1834-இலும் கிளர்ந்தெழுந்து, ராணுவத்தால் அடக்கப்பட்ட அந்தத் தொழிலாளர்கள், விடியுமுன்பே தறியில் அமர்ந்து சில மணி நேரம் நெய்தபின், காலை ஒன்பது மணி வாக்கில் இறங்கிவந்து, முந்தின நாள் மிஞ்சிய மாமிசத்தைக் குளிர்ந்தபடியே மதுவோடு உண்டார்கள். ‘மாஷோன்’ என்னும் அந்தக் காலையாகாரம்தான் பூஷோன்களுக்கெல்லாம் தாய்.

தறிகள் அநேகமாக ஓய்ந்துவிட்டன, மாஷோன் ஓயவில்லை. ஒரு காலை ஒன்பது மணிக்கு, ஒரு நல்ல தமிழ்க் குடும்பம் இட்டிலியை முடித்துக் கை கழுவும் நேரத்தில், நான் ஒரு பூஷோனுக்குள் நுழைந்தபோது, பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் இரவு வேலை முடிந்த சிலரும் பன்றிக்கால் சாலட்டையும் பொரித்த கொழுப்புத் துண்டுகளையும் நடுவில் வைத்துக்கொண்டு, அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் குப்பியிலிருந்து போஜொலே மதுவை ஊற்றி உரத்த சம்பாஷணையில் இருந்தார்கள். அந்தக் குப்பி ‘போ’ எனப்படும். சரியாக 46 சென்டிலிட்டர் கொள்ளும். லியோனில் ரோன், ஸோன், போஜொலே என்று மூன்று நதிகள் ஓடுகின்றன என்பது அவர்களுடைய நெடுநாளைய பரிகாசம். அதை எனக்கு ஒருவர் சொன்னார். சற்று நேரம் கழித்து, முன்னவர் சொன்னதை அறியாத இன்னொருவரும் சொன்னார். இருமுறையும் சிரித்துவைப்பதே விருந்தாளிக்கு அழகு.

நெசவாளர்கள் பசியைக் கொண்டுவந்தார்களென்றால், கைத்திறனைக் கொண்டுவந்தவர்கள் ஸ்திரீகள். செல்வர் வீடுகளில் சமையல் செய்துவந்த பெண்கள், அந்த வீடுகளின் ஐசுவரியம் குறைந்தபோதும் வேலை போனபோதும், தாமே சிறு கடை திறந்து உட்கார்ந்தார்கள். ஊரார் அவர்களை ‘மேர்’, அதாவது அம்மா என்றே அழைத்தார்கள். ஃபில்யூ அம்மாள் தாம் சமைத்த கோழியைத் தாமே ஒவ்வொரு மேஜையாகச் சென்று சிறு கத்தியால் வகிர்ந்து பரிமாறியவர். லெயா அம்மாள் தள்ளுவண்டியோடு சந்தைக்குப் போகும்போது, பெண் பலவீனமானவள், வாய் மட்டும் பலமானது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைப் பலகையை வண்டியில் மாட்டியிருந்தார். இவர்கள் எல்லோரிலும் கீர்த்தி பெற்றவர் யூஜெனி ப்ராஸியே. 1895-இல் பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தாயாகி, அதனால் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, ஃபில்யூ அம்மாளிடம் தொழில் பழகி, 1921-இல் ருவாயால் வீதியில் சொந்தக் கடை திறந்த அவர், 1933-இல் தம் இரு உணவகங்களுக்கும் மிஷ்லேன் கையேட்டின் மும்மூன்று நட்சத்திரங்களை ஒருசேரப் பெற்றார். பிற்காலத்தில் உலகமே வியந்த போல் பொக்கூஸ் அவரிடம் 1946-இல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அடுக்களை வேலையோடு மாட்டில் பால் கறக்கவும் துணி தேய்க்கவும் செய்தவர். இன்று நகரத்துப் பெருஞ்சந்தைக்கு வைத்திருப்பது சிஷ்யரின் பெயர். குருவின் பெயரை வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியில் நான் கற்ற பிரெஞ்சு பாஷை ஏதோ ஒரு விதத்தில் அனுதாபத்தைச் சம்பாதித்துத் தந்ததால், நெசவாளர் குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு கடையின் சமையல்காரி, மதிய வியாபாரத்துக்கு முன் என்னை அடுக்களைக்குள் நிற்க அனுமதித்தார். இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போகவேண்டுமானால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய அடுக்களை அது. அவரிடம் ஒரு பயிற்சிப் பையன் இருந்தான். பள்ளியில் சில நாளும் கடையில் சில நாளுமாக, இரண்டு வருஷத்தில் சமையல் தொழில் சான்றிதழ் வாங்குவதற்குப் படித்துக்கொண்டிருந்தவன்.

அன்று முதலில் கண்டது, ‘தப்லியே த சப்பேர்’ என்னும் பண்டம். நெப்போலியன் மூன்றாமவன் காலத்தில் லியோனில் ராணுவ அதிகாரம் செலுத்திய கஸ்தெலான் தளபதிக்கு உகந்தது என்று ஐதிகம். பொறியாளர் படைவீரர் அணியும் தோல் முன்றானையின் உருவத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். இறைச்சிக்கடைக்காரர் கழுவி வெளுத்து அனுப்பிய மாட்டு இரைப்பையை, மணப்பூண்டுகள் இட்ட நீரில் மெதுவாக வேகவைத்து, வெள்ளை மதுவில் ஓர் இரவு ஊறப்போட்டிருந்தார்கள். அதை அந்த அம்மாள் பலகைமேல் விரித்து, தேனடைபோல் கண்ணறை விழுந்த பக்கம் மேலே வரும்படி திருப்பி, ஓரங்களைச் சதுரமாக நறுக்கி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் கிடத்தி, உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்தினார். பையன் அழுத்தியதில் தூள் கண்ணறைக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து உதறிவிட்டு அவன் பக்கமே மறுபடி தள்ளினார். எண்ணெயில் இட்டபின் அவர் வாணலியைப் பார்க்கவேயில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை செய்தவர், சத்தம் மாறிய கணத்தில் திரும்பி அதைப் புரட்டிப் போட்டார்.

அடுத்தது கெனெல். ‘ப்ரோஷே’ என்னும் ஆற்றுமீனில் சுவை உண்டு. ஆனால் கவைத்த நுண்முட்கள் எண்ணிறந்து கிடப்பதால் அப்படியே உண்பது பிராண சங்கடம். ஆகவே சதையை அரைத்துச் சல்லடையில் தேய்த்து முள்ளை அகற்றிவிடுகிறார்கள். பாலும் வெண்ணெயும் மாவும் சேர்த்து, நம் வீடுகளில் கொழுக்கட்டை மாவு கிண்டுவது போலவே, பாத்திரத்தின் பக்கத்தை விட்டு உருண்டு வரும்வரை கிண்டி, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மீனையும் கலந்து, இரவெல்லாம் குளிரவைக்கிறார்கள். மறுநாள் இரு கரண்டிகளுக்கிடையில் மாற்றி மாற்றி உருட்டினால் மூன்று பட்டை கொண்ட நீள்வடிவம் கிடைக்கிறது. அதைக் கொதிக்காத சுடுநீரில் வேகவைத்து, நன்னீர் இறால் சேர்ந்த நான்துவா குழம்பை ஊற்றிச் சூட்டடுப்புக்குள் தள்ளினால், அது ஒன்றுக்கு இரண்டாக உப்புகிறது. வெளியே எடுத்ததும் அடங்கத் தொடங்கும்; ஆகையால் பரிமாறுகிறவர் கதவருகே தயாராக நிற்கவேண்டும், உண்கிறவர் பேச்சை நிறுத்தவேண்டும்.

“இந்த இரைப்பையை நான் வாங்கும் விலை சொற்பம், ஐயா. இதன்மேல் செலவாகும் நேரத்துக்குக் கூலி எழுதினால், பேசாமல் நல்ல முதுகுத்தசையை வாங்கி இரண்டு நிமிஷத்தில் வாட்டிக் கொடுத்துவிடலாம்” என்று அந்த அம்மாள் சொன்னதில்தான் இந்தத் தொழிலின் இன்றைய கஷ்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கூலி மலிவாயிருந்த காலத்தில் ஏழைக்கு ஏற்றதாயிருந்த பண்டம், உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கும் காலத்தில் கட்டுப்படியாகாத பண்டமாகிவிட்டது. உழைப்பவனுக்கு நியாயமான ஊதியம் வந்ததைக் குறைகூற யாருக்கும் வாயில்லை. ஆனால் தொழிற்சாலையில் செய்து உறையிலிட்டு வரும் கெனெலைச் சுடவைத்துக் கொடுத்து, வாசலில் மட்டும் பழைய பெயரைத் தொங்கவிடும் கடைகள் பெருகுவதற்கு இதுவே காரணம். போலிகளை விலக்குவதற்காக 1997-இல் ஒரு சங்கம் அமைத்து, லியோன் பொம்மலாட்டத்தில் வரும் ஞாஃப்ரோன் என்ற குடிகாரச் செருப்புத் தொழிலாளி மதுக்கிண்ணத்தோடு நிற்கும் பலகையை உண்மையான பூஷோன்களுக்கு அளித்தார்கள். 2012-இல் வர்த்தக சபையும் சுற்றுலா அலுவலகமும் சேர்ந்து வேறொரு முத்திரை கொண்டுவந்தன. 2014-இல் அரசாங்கமே, பச்சைப் பொருளிலிருந்து கடைக்குள்ளேயே சமைத்த பண்டத்துக்கு, கூரை வேய்ந்த வாணலியைப் போன்றதொரு சின்னத்தைச் சட்டப்படி ஏற்படுத்தியது. முத்திரைகள் பெருகுவது ஒரு தொழில் செழித்திருப்பதற்கு அறிகுறியென்று எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் செல்லத்தக்க இடங்கள் குறைந்துவிடவில்லை. நகரசபைக்கு அருகே பிஸே வீதியில் உள்ள ஹ்யூகோன், கரே வீதியின் பெயரையே கொண்ட கரே, சாஸேஜ்கள் தொங்கும் கஃபே தெ ஃபெதெராசியோன் ஆகியவை ஒன்றுக்கொன்று நடைதூரத்தில்தான் இருக்கின்றன. கரேயில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் மூலேன் உணவருந்துவது வழக்கம் என்பார்கள். வார இறுதியில் கதவடைக்கும் பூஷோன்கள் பல. சொல்லிவைக்காமல் போனால் பன்னிரண்டு மணிக்கே இடமிராது. சேவைக் கட்டணம் விலைக்குள் அடக்கம். ரொட்டிக்கும் ஜாடித் தண்ணீருக்கும் காசு கேட்கமாட்டார்கள்.

நம்மவரில் சைவ போஜனக்காரர்கள் இந்தக் கட்டுரையை இதுவரை வாசித்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெசவாளர் மூளை என்று பொருள்பட வழங்கும் ‘செர்வெல் த கனூ’ என்பது மாமிசமன்று. புதுப் பாலாடைக்கட்டியைப் பூண்டும் பச்சை மூலிகையும் எண்ணெயும் வினிகரும் விட்டு அடித்தது. பாலாடைக்கட்டியை உறையவைக்கும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து வருவதுண்டு. அதில் ஆசாரம் பார்ப்பவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். வாதுமையைச் சர்க்கரையில் புரட்டிச் செய்யும் இளஞ்சிவப்புப் ‘ப்ராலீன்’ பணியாரத்தில் அந்தக் கவலை இல்லை. பருப்புச் சாலட்டை மட்டும் நம்பவேண்டாம்; அதற்குள் பெரும்பாலும் பன்றி ஒளிந்திருக்கும்.