சிராங்கூன் சாலையில் ஒரு சைக்கிள் ஷூ தேடி

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கால் வைத்ததும் மூக்கு தன்பாட்டுக்கு ஊருக்குப் போய்விட்டது. மல்லிகைச் சரம், ஊதுபத்தி, கொதிக்கிற சாம்பார், எங்கோ வறுபடும் மிளகாய். வீரமாகாளியம்மன் கோயில் மணி வேறு. என் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து இங்கே விட்டிருந்தால் மயிலாப்பூர் என்று சத்தியமே செய்திருப்பேன். கட்டை அவிழ்த்த பிறகு கண்ணில் படுவது சைக்கிள்கள்! நடைபாதைக் கம்பியில், விளக்குக் கம்பத்தில், சந்துச் சுவரோரம் என எங்கு பார்த்தாலும் சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள்கள். முன்னால் கூடை வைத்தவை, துருப்பிடித்தவை, சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியவை. அவற்றுக்கு நடுவே, ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற கார்பன் சைக்கிள் ஒன்றும் நின்றது. அதன் சொந்தக்காரர் இறுக்கமான பந்தய உடையில், ஷூ ‘டக் டக்’ என்று தரையில் தட்ட, தோசைக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தார்.

அந்த ‘டக் டக்’ ஷூவைத் தேடித்தான் நானும் வந்திருந்தேன். கூடவே என் சைக்கிளுக்கு ஒரு செயினும் பின்சக்கரப் பல்சக்கரமும் வேண்டும். சென்னையில் விடியுமுன் ஈசிஆரில் மிதிக்கிறவர்களுக்கு இந்தத் தேடல் புரியும். நம் ஊரிலும் நல்ல கடைகள் வந்துவிட்டன. ஆனால் இறக்குமதிச் சரக்கில் நம் காலுக்கான அளவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அகலப் பாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஷூவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஷூவின் அடிப்பாகம் வளையாது. அதில் ‘கிளீட்’ என்ற சிறு துண்டைத் திருகி வைத்திருப்பார்கள். பெடலில் மிதித்தால் அது பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரான்ஸ் நாட்டு லுக் நிறுவனம், அந்த நுட்பத்தை 1980களின் நடுவில் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. 1985ல் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதுவரை தோல்வாரில் பாதத்தைக் கட்டிக்கொண்டு மிதித்த உலகம் மாறிப்போனது. 1990ல் ஜப்பானின் ஷிமானோ, கிளீட்டை ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் ஒளித்துவைக்கும் எஸ்பிடி முறையைக் கொண்டுவந்தது. சைக்கிளை விட்டு இறங்கிச் சாதாரணமாக நடக்கவும் வழி பிறந்தது.

1947லிருந்து நடக்கும் கோமள விலாசில் இட்லியும் காப்பியும் முடித்துக்கொண்டு, யாரானாலும் செய்கிறதையே நானும் செய்தேன். முஸ்தஃபாவுக்குப் போனேன். கேம்ப்பல் லேனில் ஒரு சின்னக் கடையாக 1971ல் தொடங்கிய வியாபாரம் இன்று சையது ஆல்வி சாலையில் ஒரு தெருவையே விழுங்கி நிற்கிறது. கோவிட் வரும்வரை இரவு பகல் மூடாத கடை. உள்ளே போனால் குளிர்பதனக் காற்று எலும்பில் உறைக்கிறது. தங்கம், தைலம், பேரீச்சை, பெட்டி, கைக்கடிகாரம், அரிசி மூட்டை! உச்சி முதல் கால்வரை அடுக்கிவைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஓடுவதற்கான ஷூக்களுக்கும் பஞ்சமில்லை. அடியில் கிளீட் துளை போட்ட ஷூ மட்டும் என் கண்ணில் படவில்லை. உலகத்தையே விற்கிற கடையிலும் இல்லாத ஒன்றைத் தேடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு கிளர்ச்சிகூட வந்தது!

அங்கிருந்து ஜாலான் புசார் பக்கம் நடக்கும் தூரம்தான். நம் ரத்தன் பஜாரில் கால்போன போக்கில் திரிந்தவர்களுக்கு இந்தத் தெரு உடனே பிடித்துப்போகும். குழாய், விளக்கு, பூட்டு, திருகு, இரும்புச் சாமான் விற்கும் பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைவழி. ஒரு பழைய ஹார்ட்வேர் கடை, சாய் செங் ஹுவாட் ஹார்ட்வேர் என்ற பெயரில் காப்பிக்கடையாக மாறியிருக்கிறது. வாசலில் பந்தய சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களின் கால்களையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னென்ன நிறம், என்னென்ன திருகுமுடி! கயிறு கட்டும் வேலையே இல்லை. வட்டக் குமிழைத் திருகினால் மெல்லிய கம்பி பாதத்தை இறுக்குகிறது.

பக்கத்திலேயே சுங்கை ரோடு. ‘திருடர் சந்தை’ என்று பெயர் வாங்கிய பழஞ்சாமான் சந்தை 1930களிலிருந்து அங்கே நடந்தது. தரையில் துணி விரித்து, பழைய கைக்கடிகாரம் முதல் வானொலிப் பெட்டி வரை விற்றார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. 1985ல் எரிந்துபோன நம் மூர் மார்க்கெட்டை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறவன் நான். புல் முளைத்த இடத்தைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தேவைப்பட்ட சாமானைத் தரையில் குனிந்து பொறுக்கி எடுக்கிற சுகத்தை எந்த மாலும் தராது.

ரயிலில் ஏறினேன். இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு தமிழிலும் ஒலித்தபோது உடம்பு சிலிர்த்தது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அது பழகுவதில்லை. பெட்டிக்குள் ஒரு பெண் மடித்த சைக்கிளோடு நின்றிருந்தார். 120 சென்டிமீட்டர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் மடங்கினால் எந்த நேரமும் ரயிலில் கொண்டுபோகலாமாம். நம் மின்சார ரயிலில் பால்காரர் கேன்களோடு ஏறுவது நினைவுக்கு வந்தது.

ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் காலாங் விளையாட்டு மையம். அங்கே ஷிமானோவின் சைக்கிள் காட்சியகம் இருக்கிறது. விற்பனை கிடையாது, பார்வைக்கு மட்டும். பழைய காலத்து சைக்கிள்களிலிருந்து மின்சாரத்தில் மாறும் கியர் வரைக்கும் ஒரே கூரையின் கீழ்! ஜப்பானின் சாக்காய் நகரம் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பெயர்போனது. அந்த ஊரில் 1921ல், சைக்கிளின் பிரீவீலை மட்டும் செய்து பிழைக்கத் தொடங்கிய பட்டறைதான் ஷிமானோ. 1973ல் ஜப்பானுக்கு வெளியே தன் முதல் உற்பத்தி ஆலையை அது திறந்தது சிங்கப்பூரில். அதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு பெரிய மாவட்டத்தின் பரப்புக்கூட இல்லாத தீவு, உலகத்து சைக்கிள்களுக்கெல்லாம் பாகம் செய்து அனுப்பியிருக்கிறது! நமக்கும் 1949லிருந்து அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரமாயிரமாய் சைக்கிள் கற்றுக்கொண்டது எந்த அருங்காட்சியகத்திலும் இடம்பெற வேண்டிய கதை. அதற்கு நம் ஊரில் ஒரு கூடம் கட்டியிருக்கலாமே என்ற ஏக்கத்தோடு வெளியே வந்தேன்.

அதே வட்டாரத்தில் டெகாத்லானின் பெரிய கடை. சென்னைக் கடையில் பார்த்த அதே நீலப் பலகை, அதே அடுக்கு. ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஹெல்மெட், விளக்கு, கையுறை, டியூப் எல்லாம் நியாய விலையில் கிடைக்கும் இடம். இந்தோனேசியாவின் பாலிகன் சைக்கிளை விற்கும் ரோடாலிங்க் கிளைகளையும் எட்டிப் பார்க்கலாம். பளபளப்பான ஷோரூம்களில் ஷூ விலை நூறு வெள்ளியைத் தாண்டித் தொடங்கி ஐந்நூறுக்கு மேலேயும் போகிறது. இங்கே தமிழில் பேசும்போது டாலரை டாலர் என்பதில்லை, வெள்ளிதான்.

ஆனாலும் நான் ஷூ வாங்கியது ஒரு வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். இந்த நாட்டுக் குடியிருப்பாளர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இந்தக் கழக வீடுகளில் இருக்கிறார்கள். புளோக்கின் அடியில் காப்பிக்கடை, மருந்துக்கடை, மளிகை, சில இடங்களில் சைக்கிள் கடை. அங் மோ கியோ பக்கம் அப்படி ஒரு கடை. வாசலில் குழந்தை சைக்கிள்கள் தொங்க, உள்ளே ரப்பரும் எண்ணெயும் கலந்த மணம். நம் தெருமுனைப் பஞ்சர் கடையின் மணமேதான்! கடைக்காரர் எழுபதைத் தொட்ட சீனப் பெரியவர், அரைக்கால் சட்டை, கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும், “தம்பி, வாட் யூ வான்ட்?” என்றார். ‘தம்பி’ என்று அவர் வாயில் வந்தது எனக்குத் தேன்!

ஷூ வேண்டும் என்றேன். அவர் ஷூவை எடுக்கவில்லை. பழைய நாளிதழை விரித்து, சாக்ஸோடு ஏறி நிற்கச் சொன்னார். பென்சிலால் இரண்டு பாதத்தையும் வரைந்தார். வலதுகால் கொஞ்சம் பெரிது, அதற்குத்தான் வாங்க வேண்டும் என்று சைகையில் சொன்னார். நான் வந்ததும் சரியான நேரமாம், சாயங்காலம் பாதம் வீங்கியிருக்கும்போது அளந்த ஷூ, வெயிலில் மிதிக்கும்போது கடிக்காது. “மார்னிங் கம், நைட் பெயின்,” என்றார். பிறகு உள்ளிருந்து அகலப் பாதத்துக்கான ஷிமானோ ஜோடியைக் கொண்டுவந்தார். நின்று பார்த்தேன், மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன், குதிகால் கழன்று எழும்பவில்லை. “கேன்!” என்றார் அவர். இந்த ஊரில் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சம்மதம், உத்தரவாதம், வாழ்த்து எல்லாம் அடக்கம்.

இரண்டு திருகு கிளீட்டா, மூன்று திருகா என்று கேட்டேன். மூன்று திருகு பந்தயத்துக்கு. அகலமான பிளாஸ்டிக் கிளீட் பாதத்தின் பலத்தைப் பெடல் முழுவதும் பரப்பும், ஆனால் சிமென்டில் நடந்தால் தேயும், பளிங்குத் தரையில் வழுக்கும். இரண்டு திருகு உலோகக் கிளீட் அடிப்பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் படியேறலாம், கடைக்குள் போகலாம். நடுவில் டீக்கடையில் இறங்காமல் எந்தச் சவாரியையும் முடிக்காத நமக்கு இரண்டு திருகே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. அவரும் அதையே சொன்னார். கால் பெருவிரலின் அடிமேட்டுக்கு நேர்கீழே கிளீட்டை வைத்து, முழங்கால் நேராக ஏறி இறங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் திருகினார். அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

செயினும் பல்சக்கரமும் வாங்கும்போது என் கியர் எத்தனை என்பதைப் படத்தில் காட்டச் சொன்னார். பதினொன்றுக்கான செயின் பன்னிரண்டில் ஓடாது, ஒன்றுக்கொன்று அகலம் வேறு. டியூபும் கேட்டேன். நம் வீட்டு சைக்கிளில் ரப்பர் ‘வால்டியூப்’ மாட்டிய தடித்த வால்வு. இங்கே பந்தய டியூபில் இருப்பது மெல்லிய ப்ரெஸ்டா வால்வு, தலையைத் திருகித் திறந்துதான் காற்றடிக்க வேண்டும். நம் ஊர் பஞ்சர் கடைப் பம்பில் பொருந்தாது என்று, விரல்நுனி அளவுப் பித்தளை அடாப்டரை அவரே பையில் போட்டார்.

இருட்டும் நேரம் சிராங்கூன் சாலை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு, அதாவது தேக்காவுக்குத் திரும்பினேன். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியா வேறொரு ஊர்! தோளோடு தோள் உரச ஆயிரக்கணக்கில் நம் பிள்ளைகள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, தொலைபேசித் திரையில் ஊரிலிருக்கும் குழந்தையின் முகம். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே வாங்குனீங்க?” என்றார். காட்டினேன். குமிழைத் திருகிப் பார்த்து, “சைக்கிளுக்குன்னே தனியா ஷூவாண்ணே!” என்று வியந்தார். தங்குமிடத்திலிருந்து வேலைத்தளத்துக்கு அவர் தினமும் சைக்கிள்தான். ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி, இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூவோடு மிதிக்கிறார். “பிரேக் மட்டும் கரெக்டா வச்சிருக்கேண்ணே, இங்க பிரேக் இல்லாம ஓட்டுனா சட்டப்படி தப்பு,” என்றார். சாங்கி கடற்கரைச் சாலையில் விமானங்கள் தலைக்கு மேலே இறங்க, காலையில் சீறிப்போகும் கார்பன் சைக்கிள்காரர்களும் சவாரிக்காரர்கள்தான். ஆனால் இந்தத் தீவில் சைக்கிளை அதிகம் நம்பி வாழ்கிறவர் இந்தத் தம்பிதான் என்று எனக்குத் தோன்றியது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உதிரிபாகத்தை எங்கு வேண்டுமானாலும் வாங்குங்கள், உங்கள் வண்டியின் கியர் எண்ணிக்கையையும் வால்வு வகையையும் எழுதி எடுத்துப் போங்கள். ஷூவை மட்டும் சாயங்காலம் போய், நின்று, நடந்து, கிளீட்டைக் கடைக்காரரே பொருத்தித் தரும் அடுக்குமாடிக் கடையில் வாங்குங்கள். 2024லிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு. திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் சுற்றுலாப் பயணிகள் சாங்கி விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம், அதனால் கடைக்குப் போகும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.